டார்க் ரொமான்ஸில் சிரிப்பு யார் கையில் இருக்க வேண்டும்?

கேட்டவர் ஒரு டார்க் ரொமான்ஸ் நாவல், அதாவது பயமும் குற்றமும் கலந்த காதல் கதை, எழுதிக்கொண்டிருக்கிறார். நாயகன் செழியன், வட்டிக்கு விடும் ஒரு கும்பலுக்காகக் கடன் வசூல் செய்கிற அடியாள். நாயகி யாழினி, அடுத்தவர் கையெழுத்தை அச்சு அசலாகப் போடத் தெரிந்தவள். அதுதான் அவள் பிழைப்பு. இறந்துபோன ஒரு பணக்காரர் பெயரில் போலி உயில் தயாரிப்பதற்காக அவளைக் கொண்டுவந்து ஓர் அறையில் பூட்டி வைக்கிறான் செழியன். 8 அத்தியாயம் முடிந்திருக்கிறது. படித்துப் பார்த்தவர்களில் சிலர், "ஹீரோ அடிக்கிற ஜோக்கெல்லாம் எரிச்சலாக இருக்கிறது, அவனைப் பிடிக்கவே இல்லை" என்கிறார்கள். வேறு சிலர், "காமெடி வந்ததும் பயம் போய்விட்டது, இது டார்க் ரொமான்ஸ் மாதிரியே இல்லை" என்கிறார்கள். நகைச்சுவையைக் கூட்டுவதா குறைப்பதா, நல்லதும் கெட்டதும் கலந்த கிரே கேரக்டர் என்றால் எந்த அளவுக்குக் கெட்டவனாகக் காட்டலாம், மன்னிப்புக் கேட்கிற காட்சியில் சிரிப்பு வைக்கலாமா என்று கேட்டிருக்கிறார். மூன்றாம் அத்தியாயத்தையும் அனுப்பியிருந்தார்.

கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். இடத்தை மாற்றுங்கள். உங்களுக்கு வந்த இரண்டு புகார்களும் பார்க்க எதிரெதிராக இருந்தாலும் வேர் ஒன்றுதான். உங்கள் கதையில் ஜோக் எல்லாம் சாவி வைத்திருக்கிறவன் கையில் இருக்கிறது. பூட்டப்பட்டவளிடம் ஒன்றுகூட இல்லை.

இதற்கு நான் எப்போதும் சொல்கிற உதாரணம் உளவியல் அறிஞர் ஃபிராய்டுடையது. நகைச்சுவை பற்றி 1927இல் எழுதிய சிறு கட்டுரையில் அதைச் சொல்கிறார். தூக்குத் தண்டனை பெற்ற ஒருவனைத் திங்கட்கிழமை காலையில் தூக்குமேடைக்கு அழைத்துப் போகிறார்கள். அவன், "வாரம் நல்லாத்தான் ஆரம்பிக்குது" என்கிறான். நமக்குச் சிரிப்பு வருகிறது. கூடவே அந்த ஆள்மீது ஒரு மரியாதையும் வருகிறது. இனி அதே வாக்கியத்தைத் தூக்குப் போடுகிறவன் வாயில் வைத்துப் பாருங்கள். ஒரு எழுத்தும் மாறவில்லை, ஆனால் சிரிப்பு வராது, குமட்டும். ஜோக்கின் தரத்தில் குறை ஒன்றும் இல்லை. யார் சொன்னது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

உங்கள் மூன்றாம் அத்தியாயத்தில் யாழினி சுவரோரம் ஒடுங்கி நிற்கிறாள். செழியன் கதவைச் சாத்திவிட்டு, "ஏன் இப்படி நடுங்குற? ஏசி ஜாஸ்தியா?" என்று கேட்டுச் சிரிக்கிறான். கூட வந்தவனும் சிரிக்கிறான். நீங்கள் செழியனைக் குறும்புக்காரனாகக் காட்ட நினைத்தீர்கள் என்று புரிகிறது. ஆனால் படிக்கிறவர் நிற்கிற இடம் யாழினி நிற்கிற சுவரோரம். அங்கிருந்து பார்த்தால் இரண்டு ஆண்கள் தன் பயத்தைப் பார்த்துச் சிரிக்கிறார்கள், அவ்வளவுதான். அந்த இடத்திலேயே பாதி வாசகர் செழியனைக் கைவிட்டுவிடுவார்கள். மீதிப் பேர், "சரி, இவன் ஜோக் அடிக்கிறான் என்றால் எதுவும் செய்ய மாட்டான் போல" என்று பயத்தைக் கைவிடுவார்கள். உங்களுக்கு வந்த இரண்டு புகார்களும் இந்த ஒரே வரியில் கிடக்கின்றன.

உங்கள் ஆட்களை வைத்தே அந்தக் காட்சியை வேறு மாதிரி எழுதிப் பார்த்தேன். செழியன் ஒரு தாளை மேசையில் வைக்கிறான். அதில் ஒரு மாதிரிக் கையெழுத்து இருக்கிறது.

"இந்த மாதிரி வேணும்."

யாழினி தாளை எடுத்து விளக்குப் பக்கம் தூக்கிப் பிடித்தாள். "இதை யார் போட்டது?"

"ஏன்?"

"பெரியவருக்கு 79 வயசு, கை நடுங்கும்னு நீங்கதானே சொன்னீங்க? இந்த 'ர'வைப் பாருங்க. ஸ்கேல் வச்சு இழுத்த மாதிரி நிக்குது. போட்டவர் நாக்கைக் கடிச்சுக்கிட்டே போட்டிருக்கார்."

செழியன் பேசவில்லை. பின்னால் நின்றவன் இருமினான்.

"நான்தான் போட்டேன்," என்றான் செழியன்.

"ஓ." அப்போதுதான் தான் எங்கே நிற்கிறோம் என்பது அவளுக்கு நினைவு வந்தது. "முதல் தடவைக்குப் பரவாயில்லை," என்றாள்.

அவன் தாளை வாங்கி நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். "காலையில வரேன்." கதவு சாத்திக்கொண்டது. சாவி இரண்டு முறை திரும்பியது.

யாழினி இங்கே ஜோக் அடிக்கவில்லை. மோசமான வேலையைப் பார்த்தால் பொறுக்க முடியாத தொழில்காரி அவள், பயத்தையும் மீறி வாய் வந்துவிடுகிறது. அவள் கையில் ஆயுதம் இல்லை, திறமை இருக்கிறது. அந்தத் திறமையின் முன் செழியன் ஒரு நொடி சின்னவனாகிறான். அவன் பதிலுக்கு மிரட்டியிருக்கலாம், பொய் சொல்லியிருக்கலாம். "நான்தான் போட்டேன்" என்று ஒப்புக்கொள்கிறானே, அந்த ஒரு வாக்கியம் அவனைப் பிடிக்கவைக்கும். அவன் கண்ணழகையும் தோள் அகலத்தையும் பற்றி நீங்கள் எழுதியிருக்கிற இரண்டு பத்தி அந்த வேலையைச் செய்யவில்லை. அப்புறம் முக்கியமாக, சாவி திரும்புகிறது. சிரித்து முடித்த வாசகருக்கு இவள் இன்னும் அடைபட்டுத்தான் இருக்கிறாள் என்பது அப்போது உறைக்கும். சாவிச் சத்தம் உங்கள் வரைவிலேயே இருந்தது, அருமையான இடம். அதற்கு முன்னால் அவன் சிரித்ததுதான் அதைக் கெடுத்துவிட்டது.

இந்த விளையாட்டு தமிழுக்குப் புதிதில்லை. கலித்தொகையின் குறிஞ்சிக்கலியில் 62ஆம் பாட்டை ஒரு முறை படித்துவிடுங்கள். விருப்பமில்லை என்கிற பெண்ணின் கையைப் பற்றுகிறான் ஒருவன். "இதோ ஒருத்தன், வெட்கமே இல்லாதவன்" என்று ஆரம்பிக்கிறாள் அவள். "தழுவினால் இனிதாக இருக்கிறது, தழுவினேன்" என்கிறான். "தனக்கு இனிது என்பதற்காக அடுத்தவருக்கு வலிய இன்னாததைச் செய்யலாமா?" என்று கேட்கிறாள். அதற்கு அவன் சொல்கிற பதில்: தண்ணீர் குடிக்கிறவர்கள் தங்களுக்கு இனிது என்று குடிக்கிறார்களா, தண்ணீருக்கு இனிது என்று குடிக்கிறார்களா? கேட்டதும் உதட்டில் ஒரு சிரிப்பு வரும். வந்த வேகத்திலேயே உறைந்தும் போகும், ஏனென்றால் அவன் அவளைத் தண்ணீர் என்று சொல்லிவிட்டான். அவள் கேட்ட கேள்விக்குப் பதில் இல்லாததால்தான் உவமைக்குத் தாவுகிறான். பாட்டின் முடிவில் அவள் இணங்கிவிடுகிறாள். இன்றைய வாசகர் அதை அவ்வளவு சுலபமாக விழுங்க மாட்டார். ஆனாலும் அவனுடைய சாமர்த்தியத்தை முழுசாகக் காட்டி, அதே மூச்சில் அவளுடைய நியாயத்தையும் முழுசாகக் காட்டுகிற அந்தத் துணிச்சல் இன்று இந்த வகையில் எழுதுகிறவர்களுக்கு அவசியம் வேண்டும். உங்கள் யாழினிக்கு அப்படி ஒரு கேள்வியைக் கொடுங்கள். செழியனால் ஜோக் அடித்து மட்டுமே தப்பிக்க முடிகிற கேள்வியாக அது இருக்கட்டும்.

இந்த வகையின் சரித்திரத்தில் எனக்கு மிகவும் பிடித்த சம்பவம் ஒன்று உண்டு. 1740இல் சாமுவேல் ரிச்சர்ட்சன் எழுதிய 'பமேலா' நாவல் வந்தது. வேலைக்காரப் பெண்ணை முதலாளி துரத்துகிறான், கடத்திக்கொண்டு போய் ஒரு வீட்டில் அடைத்தும் வைக்கிறான், கடைசியில் அவளையே கல்யாணம் செய்துகொள்கிறான். கடத்தியவனையே காதலிக்கிற கதைகளுக்கெல்லாம் இது ஒரு பாட்டி. கதை முழுக்க அநியாய சீரியஸ். மறு வருஷமே, 1741இல், ஹென்றி ஃபீல்டிங் 'ஷமேலா' என்று ஒரு நையாண்டி எழுதி அதைக் கிழித்துத் தொங்கவிட்டார். இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது இதுதான்: இவ்வளவு மிகையான உணர்ச்சிகள் இருக்கிற கதை தன்னைப் பார்த்துத் தானே கொஞ்சம் சிரித்துக்கொள்ளாவிட்டால், வெளியிலிருந்து யாராவது வந்து சிரிப்பார்கள். கருப்புச் சட்டை போட்டு மழையில் நிற்கிற நாயகனைப் பார்த்து நாயகி, "குடை இல்லையா?" என்று கேட்டுவிட்டால், வாசகர் கேட்பதற்கு எதுவும் மிச்சமிருக்காது.

1847இல் வந்த சார்லட் பிராண்டியின் 'ஜேன் ஐர்' நாவல் இதை எவ்வளவு நுணுக்கமாகச் செய்கிறது என்று பாருங்கள். முதலாளி ராச்செஸ்டர், தன் வீட்டில் சம்பளத்துக்கு வேலை பார்க்கிற ஜேனிடம், தான் அழகாக இருப்பதாக நினைக்கிறாளா என்று கேட்கிறான். அவள் யோசிக்காமல் இல்லை என்று சொல்லிவிடுகிறாள். பணம், வயது, பதவி, ரகசியம் எல்லாம் அவன் பக்கம். உண்மையைச் சொல்கிற வாய் அவள் பக்கம். அந்தக் காதலை நம்ப வைப்பது இதுதான். அவன் வேஷம் கட்டிக் குறி சொல்கிற கிழவியாக வந்து அவள் மனசைத் தோண்டப் பார்க்கிற காட்சியும் வேடிக்கைதான், ஆனால் அதில் இருக்கிற ஏமாற்று நமக்கு உறுத்தும். அவன் எதற்கும் வேஷம் போடத் தயங்காதவன் என்று அந்த வேடிக்கை நமக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. நகைச்சுவைக் காட்சிக்குள் பின்னால் வரப்போகும் இருட்டை ஒளித்து வைக்கிற இந்த முறையைக் கட்டாயம் பழகுங்கள்.

அதே 1847இல் ஜேனை எழுதிய சார்லட்டின் தங்கை எமிலி 'வுதரிங் ஹைட்ஸ்' எழுதினார். அதில் வருகிற ஹீத்கிளிஃபை இன்றும் பலர் காதல் நாயகன் என்கிறார்கள். ஆனால் தன்னைக் கல்யாணம் செய்துகொண்ட இசபெல்லாவையே, 'இவள் என்னைக் காதல் கதையின் நாயகனாகக் கற்பனை செய்துகொண்டாள்' என்று ஏளனம் செய்கிறவன் அவன். அது சாவிக்காரன் அடிக்கிற ஜோக். எமிலிக்கு அது தெரியும், அதனால்தான் அந்த இடத்தில் நம்மைச் சிரிக்க விடவில்லை. அந்தக் கதை ஆறுதலான முடிவு தருகிற ரொமான்ஸும் இல்லை. நீங்கள் எழுதுவது ரொமான்ஸ். அமெரிக்க ரொமான்ஸ் எழுத்தாளர்கள் சங்கம் வகுத்திருக்கிற இலக்கணப்படி, மையத்தில் காதல் கதை இருக்க வேண்டும், முடிவு மனத்துக்கு நிறைவாகவும் நம்பிக்கை தருவதாகவும் இருக்க வேண்டும். எவ்வளவு இருட்டுக்குள் போனாலும் இந்தக் கடனை அடைத்தாக வேண்டும்.

சரி, கிரே ஷேட் விஷயத்துக்கு வருகிறேன். இங்கேதான் நிறையப் பேர் வழுக்குகிறார்கள்.

உங்கள் செழியனுக்குச் சின்ன வயதில் அப்பா விட்டுவிட்டுப் போனார், அம்மா கடன் தொல்லையில் இறந்தார் என்று ஒரு முழு அத்தியாயம் எழுதியிருக்கிறீர்கள். நன்றாக இருக்கிறது. ஆனால் அது அவன் ஏன் இப்படி ஆனான் என்பதற்கான காரணம்தான். அவன் நிறம் அதனால் மாறாது. துக்கமான பால்யம் கொடுத்தால் கெட்டவன் சாம்பல் நிறமாகிவிடுவான் என்று நம்புவது இந்த வகையில் ரொம்பப் பழகிப்போன சோம்பேறித்தனம். நான் ஒரு பாத்திரத்தைக் கிரே என்று ஏற்றுக்கொள்வதற்கு முன் ஒன்றைத் தேடுவேன். கதையில் நமக்கு முகம் தெரிந்த ஒருவருக்கு, நாயகியைக் காப்பாற்ற என்ற சாக்கு இல்லாமல், அவன் ஒரு கெடுதல் செய்திருக்கிறானா? அதைச் செய்தபோது மாற்று வழி இருந்ததா? அது தவறு என்று அவனுக்குத் தெரியுமா? உங்கள் 8 அத்தியாயத்திலும் செழியன் அடிக்கிற ஆட்கள் எல்லாரும் அவனைவிட மோசமானவர்கள். அப்படியென்றால் அவன் கெட்டவன் வேஷம் போட்ட நல்லவன்தான். வாசகருக்குப் பயம் போனதற்கு இதுவும் ஒரு காரணம்.

யாழினிக்கும் இதே கேள்வி பொருந்தும். போலிக் கையெழுத்துப் போடுகிறவள் என்று முதல் பக்கத்தில் சொல்லிவிட்டு அதைக் கெட்டிக்காரத்தனமாக மட்டுமே காட்டிக்கொண்டு போகிறீர்கள். அவள் போட்ட கையெழுத்தால் யாரோ ஒருவருக்கு வீடு போயிருக்கும். அந்த ஆளை ஒரே ஒரு பக்கத்துக்குக் கூட்டிவாருங்கள். ஒரு வயதான பெண்மணி தன் பழைய வீட்டு வாசலில் நின்று, உள்ளே இருக்கிற அடுத்தவர் திரைச்சீலையைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும், வசனமே வேண்டாம். அந்தப் பக்கத்தில் ஒரு ஜோக்கும் வைக்காதீர்கள். யாழினி தெருமுனையிலிருந்து அதைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகட்டும். அதற்கு அப்புறம் அவள் பேசுகிற ஒவ்வொரு நக்கலுக்கும் எடை கூடிவிடும்.

கிரே பாத்திரங்களுக்கு நகைச்சுவை எங்கே சுரக்கும் என்பதற்கு ஆல்பர்ட் பண்டூரா என்கிற உளவியலாளர் ஒரு நல்ல வழி காட்டியிருக்கிறார். மனசாட்சி உறுத்தாமல் தப்பு செய்ய மனிதர்கள் என்னென்ன செய்கிறார்கள் என்று அவர் ஆராய்ந்தார். செயலுக்கு மெதுவான பெயர் வைப்பது, அவன் செய்ததைவிட நான் செய்தது பரவாயில்லை என்று ஒப்பிடுவது, மேலே இருக்கிறவர் சொன்னார் என்று தள்ளிவிடுவது, பட்டவன்தான் காரணம் என்பது போன்றவை அவர் எடுத்துக்காட்டிய வழிகள். இதில் முதலாவது நமக்குக் கைவந்த கலை. லஞ்சம் கொடுத்தாலும் அடித்துப் போட்டாலும் 'கவனிச்சாச்சு' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிற மொழி நம்முடையது. செழியன் எப்போதும் "பேசிட்டு வந்தேன்" என்றே சொல்லட்டும். யாழினி ஒரு நாள் அவன் கைமுட்டியில் காயத்தைப் பார்த்துவிட்டு, "ரொம்ப நேரம் பேசினீங்களோ?" என்று கேட்கட்டும். சிரிப்பும் வரும், அவன் ஒளிந்துகொள்கிற வார்த்தையை அவள் பிடித்துவிட்டாள் என்பதும் தெரியும். கதை போகப் போக அவன் அந்த வார்த்தையைச் சொல்ல முடியாமல் தடுமாறி, ஒரு நாள் "அடிச்சேன்" என்று சொன்னால் அது பெரிய திருப்பம். துப்பாக்கிச் சண்டை எதுவும் தேவைப்படாது.

தொல்காப்பியத்தில் உணர்ச்சிகளைப் பற்றிப் பேசுகிற மெய்ப்பாட்டியலை நான் ஒரு வேலைக் கருவியாகவே வைத்திருக்கிறேன். அச்சம் பிறக்கும் இடம் நான்கு என்கிறார் தொல்காப்பியர்: அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. இன்றைய டார்க் ரொமான்ஸ் நாயகர்களை வரிசையாக நிறுத்துங்கள். ரத்தக் காட்டேரியும் சாபம் பெற்ற தேவனும் அணங்கு. ஓநாயாக மாறுகிறவன் விலங்கு. மாஃபியாக்காரன், கடத்தல்காரன், கூலிக்கு அடிக்கிறவன் எல்லாம் கள்வர். அரசன், கம்பெனி முதலாளி போன்றவர்கள் இறை. இந்த வகைக்குள் இருக்கிற கிளைகள் பெரும்பாலும் இந்த நான்கில் அடங்கிவிடுவதைப் பார்க்கும்போது எனக்கு இன்றும் சிலிர்க்கும். நகைக்கும் நான்கு இடம் சொல்கிறார்: எள்ளல், இளமை, பேதைமை, மடன். எள்ளலை உரைகாரர்கள் இரண்டாகப் பிரிப்பார்கள், தான் பிறரை எள்ளுவது ஒன்று, பிறரால் எள்ளப்படுவது மற்றொன்று. நீங்கள் இதுவரை பயன்படுத்தியது முதல் பாதி எள்ளல் மட்டும், அதுவும் செழியன் செய்வது. மற்றதெல்லாம் பெட்டியிலேயே கிடக்கிறது.

பேதைமை என்றால் அறியாமை. ஆளை மிரட்டத் தெரிந்த செழியனுக்கு, அழுகிற ஒருத்தியிடம் என்ன பேசுவது என்று தெரியாது. தண்ணீர் கொண்டுவந்து வைக்கிறான். மறுபடி அழுதால் இன்னொரு டம்ளர். மேசையில் 5 டம்ளர் வரிசையாக நிற்கும்போது அவள் அழுகையை நிறுத்திவிட்டு அதைப் பார்க்கிறாள். மடன் என்பது சொல்லிக்கொடுத்ததைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு விடாமல் இருப்பது. கும்பல் வேலைக்கு அது தங்கச் சுரங்கம். அடியாளுக்கும் வேலை விதிகள் உண்டு. கடத்தி வந்த ஆளுக்குத் தினமும் மூன்று வேளை சாப்பாடு என்று மேலே இருந்து உத்தரவு வந்திருந்தால், வெளியே எதிரிக் கும்பல் சுற்றி வளைத்திருக்கும்போதும் ராத்திரிச் சாப்பாட்டுக்கு நேரமாகிவிட்டது என்று பதறுகிறவன் சிரிப்பு மூட்டுவான். அதே மடன்தான் பிற்பாடு, "மேலே சொன்னாங்க, செய்தேன்" என்று கொடுமைக்கும் காரணமாகும். ஒரே குணம் முன்னால் சிரிக்க வைத்து, பின்னால் நடுங்க வைத்தால், வாசகருக்குத் தான் எதைப் பார்த்துச் சிரித்தோம் என்ற குறுகுறுப்பு வரும். கிரே என்பது அந்தக் குறுகுறுப்புதான் என்று நான் நினைக்கிறேன்.

எங்கே சிரிக்கலாம், எங்கே கூடாது என்பதற்கு 2010இல் பீட்டர் மெக்ராவும் கேலப் வாரனும் வெளியிட்ட ஆய்வு உதவும். ஒரு விஷயம் விதியை மீறுவதாகவும் இருக்க வேண்டும், அதே நேரத்தில் தீங்கில்லாததாகவும் படவேண்டும், இரண்டும் ஒரே நேரத்தில் சேரும்போது சிரிப்பு வருகிறது என்பது அவர்கள் கருத்து. தீங்கில்லை என்று படுவதற்குத் தூரம் ஒரு முக்கியமான வழி. நமக்கு முகம் தெரியாதவனுக்கு நடந்தால் தூரம் அதிகம். அதனால்தான் கொலை செய்த பிறகு நடக்கிற அல்லாட்டம், கறை போகாத தரைவிரிப்பு, மூடாத கார் டிக்கி எல்லாம் இருட்டுக் கதைகளில் சிரிப்பை வாரி வழங்குகின்றன. 2023இல் வந்த 'புட்சர் அண்ட் பிளாக்பேர்ட்' இதில் கெட்டி. தொடர் கொலைகாரர்களை வேட்டையாடுகிற இரண்டு கொலைகாரர்கள், வருஷா வருஷம் அவர்களுக்குள் ஒரு போட்டி, நடுவில் காதல். சாகிறவர்கள் இன்னும் கொடியவர்கள் என்பதால் நமக்குத் தூரம் கிடைத்துவிடுகிறது. முழுக் காமெடிக்கு அது பொருத்தமான ஏற்பாடு. நீங்கள் எழுதுவது அப்படியான கதை இல்லை. உங்களிடம் பூட்டிய அறை இருக்கிறது, உள்ளே இருப்பவள் நமக்கு நெருக்கமானவள். அவளுக்கு நடப்பதில் தூரம் கிடையாது. எனவே அறைக்கு வெளியே சிரிப்பு மூட்டுவது செழியன் உலகத்தின் அபத்தமாக இருக்கலாம். அறைக்கு உள்ளே அவள் மட்டும்தான் சிரிப்பைத் தொடங்கலாம்.

நாயகனின் நண்பன் என்று ஒருவனை வைத்து ஜோக்கை எல்லாம் அவனிடம் தள்ளிவிடுகிற வழக்கம் ஒன்று உண்டு. உங்கள் ஐந்தாம் அத்தியாயத்தில் அந்த வாசனை அடிக்கிறது. அவனை எடுத்துவிடுங்கள், அல்லது ஜோக்கைக் குறைத்து அவனுக்கும் ஒரு பயத்தைக் கொடுங்கள். சிரிப்புக்கென்று தனி ஆள் வந்துவிட்டால் முக்கியமான இருவருக்கும் நடுவில் எதுவும் நடக்காது.

மன்னிப்புக் காட்சி பற்றிக் கேட்டிருந்தீர்கள். சில வருடங்களுக்கு முன் நான் திருத்திக் கொடுத்த ஒரு கையெழுத்துப் பிரதியில் நாயகன் மன்னிப்புக் கேட்கும்போதே, "உன்னைக் கட்டிப் போட்ட கயிறுகூட நல்ல கம்பெனிக் கயிறுதான்" என்று ஒரு வரி சொல்வான். எனக்கு அப்போது அது நன்றாகப் பட்டது, விட்டுவிட்டேன். கதை வெளியான பிறகு ஒரு வாசகி எழுதினார்: அதுவரை அவனை நம்பினேன், அந்த இடத்தில் நான் எழுந்து போய்விட்டேன் என்று. அவர் சொன்னது சரி. அன்றிலிருந்து ஒரு விதியை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறேன். நடந்த கெடுதலைப் பற்றிய முதல் ஜோக் அதைப் பட்டவருடையது. அவர் சொல்வதற்கு முன் வேறு யாருக்கும் அந்த உரிமை இல்லை, கதை சொல்கிறவருக்கும் இல்லை.

அதனால் செழியன் மன்னிப்புக் கேட்கும்போது தட்டையாகக் கேட்கட்டும். என்ன செய்தான் என்று பெயர் சொல்லிக் கேட்கட்டும். "பூட்டி வச்சேன். 11 நாள். நீ கதவைத் தட்டினது எனக்குக் கேட்டுச்சு." இவ்வளவு போதும். அவள் உடனே மன்னிக்க வேண்டாம். அழுது கட்டிப்பிடிக்கவும் வேண்டாம். இரண்டு மூன்று அத்தியாயம் போகட்டும். பிறகு ஒரு நாள் அவன் வெளியே போய்ச் சாவியை மறந்துவிட்டு வந்து கதவைத் தட்டும்போது, அவள் உள்ளேயிருந்து, "கேக்குது, கேக்குது" என்று சொல்லிக்கொண்டே மெதுவாக வரட்டும். அவனுக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாது. வாசகருக்கும் அப்படித்தான் இருக்கும். அவள் கதவைத் திறக்கும்போது முகத்தில் சிரிப்பு இருந்தால், அவள் அந்த அறையிலிருந்து வெளியே வந்துவிட்டாள் என்பது புரியும்.

முன்பக்க எச்சரிக்கை பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். அடைத்து வைத்தல், மிரட்டல், வன்முறை, சம்மதம் தெளிவில்லாத நெருக்கம், இவற்றில் எது எது உங்கள் கதையில் உண்டோ அதை நேராக எழுதிவிடுங்கள். 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு என்றும் போடுங்கள். இது ரசனையைக் கெடுக்கிற காரியம் இல்லை. என்ன வரப்போகிறது என்று தெரிந்து, தன் விருப்பத்தோடு உள்ளே வருகிற வாசகர்தான் பயத்தை அனுபவிக்க முடியும்.

கடைசியாக முடிவு. செழியன் திருந்தி, வேலையை விட்டு, கடை வைத்து உட்கார்கிற மாதிரி யோசித்து வைத்திருக்கிறீர்கள். வேண்டாம். கதை முழுக்கச் சாம்பல் நிறத்தில் கூட்டிக்கொண்டு வந்துவிட்டு இறுதியில் வெள்ளையடித்தால் வாசகர் ஏமாந்ததாக உணர்வார். அவன் நாலாக மடித்து வைத்துக்கொண்ட அந்தத் தாள் இருக்கிறதே, அதை மறக்காதீர்கள். நடுவில் எங்கேயாவது யாழினி அவன் மேசை இழுப்பறையைத் திறக்கும்போது, பக்கம் பக்கமாக அந்தக் கையெழுத்தை அவன் ராத்திரியில் எழுதிப் பழகியிருப்பது தெரியட்டும். முடிவில் அந்த வயதான பெண்மணியின் வீட்டை இருவரும் திருப்பிக் கொடுக்கிறார்கள். நேர் வழி கிடையாது, நீதிமன்றம் போனால் இருவரும் உள்ளே போக வேண்டும். ஆகவே இன்னொரு போலிப் பத்திரம். தப்பைச் சரிசெய்ய இன்னொரு தப்பு, அதன் கனம் இருவருக்கும் தெரியும். யாழினியின் கையில் அடிபட்டிருக்கிறது, பேனா பிடிக்க முடியவில்லை. செழியன் உட்கார்ந்து போடுகிறான். அவள் தாளை எடுத்து விளக்குப் பக்கம் தூக்கிப் பிடித்து, ரொம்ப நேரம் பார்க்கிறாள்.

"என்ன?" என்கிறான் அவன்.

"'ர' நடுங்குது."

"நடுங்கணும்னுதானே சொன்ன?"

"இது நீ நடுங்க வச்சதா, தானா நடுங்கினதா?"

அவன் பதில் சொல்லாமல் பேனாவை மூடி வைக்கிறான். பத்திரத்தை அவள் உறைக்குள் போடுகிறாள்.